“சிமென்ட் வேணாம்டா... வெல்லம் வாங்கிட்டு வா!”

உங்க வீட்டுல ஏதாவது ரிப்பேர் வேலைன்னா கடை லிஸ்ட் எப்படி இருக்கும்? சிமென்ட், மணல், ஆணி, பெயின்ட்... அவ்வளவுதானே? போன வருஷம் செமஸ்டர் லீவுல எங்க சித்தி என் கையில திணிச்ச லிஸ்ட்டைப் பாருங்க. கடுக்காய் மூணு கிலோ, வெல்லம் அஞ்சு கிலோ, சுண்ணாம்பு பத்து மூட்டை! ‘வீட்டை ரிப்பேர் பண்ணப் போறாங்களா, லேகியம் கிண்டப் போறாங்களா?’ன்னு குழம்பிட்டேன். நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறவன் என்பது இங்கே முக்கியமான தகவல். ஏன்னா, இது முழுக்க முழுக்க நான் பல்பு வாங்கின கதை!

ஒரு வீடு... ஒரு பந்தயம்!

ராயபுரத்துல ஒரு சந்து. அதுல திண்ணை வெச்ச ஒரு பழைய வீடு. கட்டினது எங்க கொள்ளுத்தாத்தா. சுவர் ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி தடிமன். அதுலதான் சித்தப்பா, சித்தி, பாட்டி மூணு பேரும் இருக்காங்க. சித்தப்பா ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை. சித்தி முன் ரூம்ல தையல் மெஷின் போட்டிருக்காங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி சுவர்ல காரை உதிருதுன்னு ஒரு மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து, கீழ்ப்பாதி முழுக்க சிமென்ட் பூசினாங்க. ஒரே மழைக்காலம்தான். பூச்சு வயிறு மாதிரி உப்பிக்கிட்டு, பொத்துன்னு விழுந்தது. உள்ளே பார்த்தா வெள்ளை வெள்ளையா உப்பு! மாடியும் ஒழுக ஆரம்பிச்சுடுச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு புரமோட்டர் வந்தார். “இடிச்சுக் கட்டலாம் சார்... உங்களுக்கு ரெண்டு ஃப்ளாட், கையில கொஞ்சம் பணம்.” 2021-ல மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்தே இந்தப் பக்கம் இப்படி நிறைய பேர் கதவைத் தட்டுறாங்க. சித்தப்பா கிட்டத்தட்ட பேனாவைத் திறந்துட்டார். சித்தி மட்டும் அசையல. “ஃப்ளாட்ல நாலாவது மாடிக்கு ஏறி வந்து யார் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பாங்க? அத்தை திண்ணைக்கு எங்கே போவாங்க?”

கடைசியில ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. வீட்டை நாமளே சரி பண்ணுவோம். ஐப்பசி மழையில ஒழுகலைன்னா வீடு நிக்கட்டும். ஒழுகினா கையெழுத்து!

ரெயின்கோட்டும் காட்டன் சட்டையும்

“சித்தி, நல்ல பிராண்ட் சிமென்ட்டா வாங்கி, நல்லா கெட்டியா பூசினா போதும்”னு நான்தான் முதல்ல ஐடியா கொடுத்தேன். அவங்க கூப்பிட்டிருந்த எழுபது வயசு கொத்தனார் தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். “இன்னாடா இஞ்சினீயரு, ரெயின்கோட்டு போட்டுக்கினு ஓடிப் பாத்துகிறியா?”

மேட்டர் இதுதாங்க. பழைய சுண்ணாம்புச் சுவர் தரையில இருந்து ஈரத்தை உறிஞ்சும். அப்புறம் காத்துல விட்டுடும். காட்டன் சட்டை மாதிரி! அதுமேல சிமென்ட் பூசினா ரெயின்கோட் போட்ட கதை. ஈரம் வெளியே வர வழியில்லாம உள்ளேயே நிக்கும். கடலோர ஊர்ல அந்த ஈரத்துல உப்பும் இருக்கும். தண்ணி காயும்போது உப்பு படிகமா மாறி, பூச்சைப் பின்னாடி இருந்து நெட்டித் தள்ளும். எங்க வீட்டு ‘வயிறு’ அப்படி வந்ததுதான்!

சரி, சுண்ணாம்பு மட்டும் எப்படி கெட்டியாகுது? பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான் பாஸ்! சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ, ரெண்டுமே கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில சுட்டா கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணியில போட்டா கொதிச்சு நீர்த்துப் போகும். சுவர்ல பூசினா, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆயிடும். அதாவது, சிப்பி சுத்தி வந்து திரும்பவும் சிப்பி ஆகுது!

நம்ம ஏரியாவுக்கும் சிப்பிக்கும் பழைய சொந்தம். எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்துச் சிப்பிகளைச் சுட்டுத்தான் அந்தக் கால மெட்ராஸ் சுண்ணாம்பு வந்தது. அவ்வளவு ஏன்... 1904-ல இந்தியாவோட முதல் சிமென்ட் முயற்சி நடந்ததும் மெட்ராஸ்லதான், அதுவும் கடல் சிப்பியை வெச்சு. ஆனா, அது எடுபடல.

மாடியில கும்மி!

எங்க வீட்டுக் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’. தேக்கு உத்திரங்களுக்கு மேலே மெல்லிசான செங்கல்லை நட்டுக்குத்தலா, குறுக்குச் சாய்வா அடுக்கி, அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மேலாக தட்டோடு பதிக்கிற டெக்னிக். கம்பியே கிடையாது. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு, பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிற பிரச்னை இதுல இல்லை. ஆனா, உத்திரம் சுவருக்குள்ளே போற முனையில தண்ணி இறங்கினா மரம் மக்கிடும். எங்க வீட்டுல ஒண்ணு அப்படித்தான் இருந்தது. அதுல மட்டும் சித்தப்பா கை வைக்கல. கொத்தனார் தாத்தாவும் ஒரு தச்சரும் முட்டு கொடுத்து, பழைய தேக்குக் கட்டை வாங்கி மாத்தினாங்க.

மத்த எல்லாமே அந்த ரெண்டு பேர்தான். சித்தப்பா சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார். சித்தி சல்லடையில மணல் சலிச்சாங்க. அப்புறம் மாடி. பழைய தட்டோட்டைப் பேத்துட்டு, ஜல்லி சுண்ணாம்பைப் பரப்பி, மரக்கட்டையால அடிக்கணும். மணிக்கணக்கா இல்லீங்க, நாள்கணக்கா! அடிக்க அடிக்க கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிக்கணும். கடுக்காய்ல டேனின் இருக்கு. வெல்லத்துல இருக்கிற சர்க்கரை, சுண்ணாம்பு தண்ணியில இன்னும் நல்லா கரைய உதவும். லேகியம் இல்லீங்க, கெமிஸ்ட்ரி!

ஒரு மூலையை என் பொறுப்புல விட்டாங்க. நான் அடிச்சேன்... அடிச்சேன்... சாயங்காலம் கிரிக்கெட் மேட்ச் இருந்ததால கொஞ்சம் சீக்கிரமாவே ‘முடிச்சேன்’. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

பக்கத்துலயே ஒரு தாத்தா இருக்கார்

ஒருநாள் சித்தப்பா சோர்ந்துபோய், “இதெல்லாம் ஆகிற கதையா?”ன்னார். சித்தி கை நீட்டினது ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். 1856-ல திறந்தது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். பம்பாய், தானாவுல கட்டின அதுக்கு முந்தின ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போ இல்லை. அதனால, இந்தியத் துணைக்கண்டத்துல இன்னும் நிக்கிற மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் நம்ம ராயபுரம்தான்! அதுவும் கவனிப்பாரில்லாம பாழடைஞ்சுதான் கிடந்தது. 2005-ல புதுப்பிச்சாங்க. தூணெல்லாம் இன்னிக்கும் கம்பீரமா நிக்குது.

ஆனா ஒண்ணு. வடசென்னையில எல்லா வீட்டுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 1870-கள்ல துறைமுக வேலை ஆரம்பிச்ச பிறகு, தெற்கே இருந்து வடக்கே நகர்ந்த கடல் மணல் தடைபட்டுச்சு. தெற்கே மெரினா அகலமாச்சு. வடக்கே கரையைக் கடல் அரிச்சது. காசிமேடுல இருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரக் குப்பங்கள்ல எத்தனையோ வீடுகள் போயிடுச்சு. அந்த வீடுகளுக்கு ரிப்பேர் பண்ற சான்ஸே கிடைக்கல.

நீங்களும் கை வைக்கப் போறீங்களா?

* சுட்ட சுண்ணாம்பைத் தண்ணியில போடுங்க. சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தாதீங்க. தெறிச்சு கண்ணுல பட்டா பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

* கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பை நாமளே சுவருக்குள்ள வெச்சுப் பூசின மாதிரி ஆயிடும்.

* சுண்ணாம்பு அவசரக்காரங்களுக்கு இல்லை. பூசினதும் நாள்கணக்கா ஈரம் காயாம பார்த்துக்கணும்.

* உத்திரம், பெரிய விரிசல், கரன்ட் லைன்... இந்த மூணுலயும் ஹீரோயிசம் வேண்டாம். தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

அந்த ராத்திரி...

ஐப்பசி வந்தது. ஒரு ராத்திரி விடாம அடிச்சு ஊத்துச்சு. லீவுக்கு நானும் அங்கேதான் இருந்தேன். யாரும் தூங்கல. பாட்டி மட்டும் குறட்டை! சித்தப்பா டார்ச்சை வெச்சுக்கிட்டு ரூம் ரூமா மேலே பார்த்தபடி நடந்தார். முன் ரூம்... காய்ஞ்சிருக்கு. நடு ரூம்... காய்ஞ்சிருக்கு. பின் ரூம் மூலையில... சொட்... சொட்...

ஆமாங்க, என் மூலைதான்!

சித்தி ஒண்ணும் பேசல. ஒரு வாளியைக் கொண்டு வந்து வெச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. சித்தப்பா ரொம்ப நேரம் அந்த வாளியையே பார்த்துட்டு நின்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“டேய்... அது உன் மூலை. வீட்டுக் கணக்குல வராது.”

மழை விட்ட மறுநாள் காலையில கட்டை, சுண்ணாம்புச் சட்டி, கடுக்காய்த் தண்ணியோட என்னை மாடிக்கு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் அடிச்சேன். அன்னிக்கும் மேட்ச் இருந்தது. ஸ்கோர் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது!