மீன்தொட்டியில் பாசி தின்னும் நத்தைகள்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் அமைந்த பரவையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் கண்மாய்களை அண்டி வளர்ந்தவை. இப்பகுதி விவசாயிகளுக்கு நத்தை புதிய பிராணியன்று. மழைக்குப்பின் அது வயலில் ஊர்வதையும், கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் உறங்கிக் கிடப்பதையும், நத்தைகுத்தி நாரை அதனைத் தேடித் தின்பதையும் அவர்கள் நன்கறிவர். இக்காலத்தில் பல வீடுகளில் பிள்ளைகளின் விருப்பத்திற்காகக் கண்ணாடித் தொட்டியில் சிறு மீன்கள் வளர்க்கப்படுகின்றன. தொட்டியில் படியும் பாசியை நீக்க நத்தைகளை விடும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது. இவ்வழக்கத்தில் நன்மை உண்டு. ஆயினும் நத்தை தொட்டிக்குள் இருக்கும்வரைதான் அது நல்ல வேலையாள். அங்கிருந்து கண்மாய்க்குச் செல்லுமாயின் பயிருக்கும் கால்நடைக்கும் கேடு விளைக்கக்கூடும். ஆகவே வளர்க்கும் முறையையும் காக்கும் முறையையும் சேர்த்தே அறிந்துகொள்வது அவசியம்.

பாசி உண்டாகும் காரணம்

பயிருக்கு வெயிலும் எருவும் வேண்டியிருப்பது போலவே பாசிக்கும் அவை வேண்டும். மீன்கள் தின்னாது விடும் இரையும் அவற்றின் கழிவும் தொட்டிக்கு எருவாகின்றன. அத்துடன் வெயிலும் நேரே விழுந்தால் சில நாட்களிலேயே கண்ணாடி பசுமையாகிவிடும். உர நீர் வடிந்து சேரும் குட்டை பசுமையாவதும் இக்காரணத்தாலேயே. ஆகவே தொட்டியைச் சன்னலோரம் வையாது நிழலில் வைக்க வேண்டும். விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிடுதல் போதுமானது. மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரையிட வேண்டும்.

நத்தை தன் அரம் போன்ற நாக்கினால் கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிய மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும். தண்ணீரே பச்சை நிறமாவது மிதக்கும் நுண்பாசியினால் ஏற்படுவது. அதனை இவ்வாறு சுரண்டித் தின்ன இயலாது. மேலும் நத்தையும் கழிவை வெளியிடுவதாகையால், தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை அதன்மேல் முற்றிலும் சுமத்துதல் தவறு.

தக்க நத்தைகள்

சிறு தொட்டிக்கு மிகவும் ஏற்றது நெரைட் என்னும் இனம். இவ்வினத்தவை பெரும்பாலும் கழிமுகங்களிலும் கடலோர நீர்நிலைகளிலும் வாழ்பவை. பாசியை நன்றாகத் தின்னும், செடியைத் தின்னாது. இதன் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். எனவே நன்னீர்த் தொட்டியில் முட்டையிட்டாலும் அது பெருகாது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டும் அம்முட்டைகளைச் சுரண்டி நீக்குவது சற்றுத் தொல்லையே; வேறு குறையில்லை.

ஊசி போல் நீண்ட ஓடுடைய நத்தை பகலில் மணலுக்குள் புகுந்து மண்ணைக் கிளறிவிடும். ஆனால் ஆண் துணையின்றியே குட்டிகளை ஈனுமாதலால் ஒன்றே பலவாகிவிடும். தட்டையாகச் சுருண்ட நத்தையும் சிறு குளத்து நத்தையும் பாசி தின்பவையே. இவற்றில் ஆண் பெண் இருபாலும் ஓருடலிலேயே அமைந்திருப்பதால் இவையும் விரைந்து பெருகும். வயல் நத்தையோ பெரியது; மென்மையான செடிகளையும் தின்னும். சிறு தொட்டிக்கு அது உசிதமன்று.

தொட்டியும் தண்ணீரும்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் பத்து அங்குல உயரம் நீர் நிரப்பினால் ஏறத்தாழ 47 லிட்டர் கொள்ளும். இதற்கு எட்டுப் பத்துச் சிறு மீன்களும் மூன்று நான்கு நெரைட் நத்தைகளும் போதும். புதிய தொட்டியில் நத்தையை உடனே விடலாகாது. நான்கு முதல் ஆறு வாரம் சென்று, நீர் பதமடைந்து பாசியும் தோன்றியபின் விடுவதே சிலாக்கியம்.

நத்தையின் ஓடு சுண்ணாம்புச் சத்தினால் ஆனது. சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீர் இதற்கு அனுகூலமே. மழை நீரை மட்டும் பயன்படுத்தினால் ஓடு அரிக்கப்பட்டு வெண்மையாகும். அவ்வாறு நேரின் கழுவிய கிளிஞ்சல் துண்டுகள் சிலவற்றை இடலாம். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பின்னர் ஊற்ற வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுதல் நலம். கோடையில் நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். அப்போது காற்றுக்குழாய் வேண்டும். நெரைட் நத்தை தொட்டியை விட்டு வெளியேறும் இயல்புடையது, மூடி அவசியம்.

விவசாயிகள் தனியே நினைவிற்கொள்ள வேண்டியது மயில்துத்தம். பயிர்நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் சேர்வது இதுவே. இதிலுள்ள தாமிரம் மிகச் சிறு அளவிலும் நத்தைக்கு நஞ்சாகும். மருந்து கலக்கிய வாளியையோ, தெளிப்பானையோ, செப்புப் பாத்திரத்தையோ தொட்டி நீருக்குப் பயன்படுத்தலாகாது. மீன் நோய்க்கான சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு. அவற்றை வாங்குமுன் விசாரித்தறிய வேண்டும்.

பாசி குறைந்த காலத்தில் நத்தை பட்டினியால் இறக்கும். பரவைச் சந்தையில் கிடைக்கும் வெள்ளரி, கீரை முதலியவற்றை நன்கு கழுவி, வேகவைத்து, ஆறியபின் சிறு துண்டாக இடலாம். மறுநாள் மீதியை எடுத்துவிட வேண்டும். இறந்த நத்தை விரைவில் அழுகி நீரைக் கெடுக்கும். துர்நாற்றம் வீசுமாயின் அதனைத் தாமதமின்றி அகற்றுக.

கப்பி, மோலி, வரிக்குதிரை மீன் ஆகியவை நத்தையோடு இணங்கி வாழும். வீட்டுத் தொட்டிக்கான மீன்களுக்குச் சென்னைக் கொளத்தூர் பெயர்பெற்ற இடம். பேத்தை மீனும் பெரிய சிக்லிட் மீன்களும் நத்தையைக் கடித்துத் தின்னுமாதலால் தவிர்க்கத்தக்கவை.

பெருக்கத்தை அடக்குதல்

நத்தை மிகுந்திருப்பது இரை மிகுந்திருப்பதற்கு அடையாளம். முதலில் இரையைக் குறைக்க வேண்டும். இரவில் ஒரு கீரைத் தண்டை இட்டு, விடியற்காலையில் அதில் மொய்த்துள்ள நத்தைகளோடு எடுத்துவிடலாம். வேண்டாதவற்றைக் கொதிநீரிலிட்டுக் கொன்று குழியில் புதைப்பதே முறை. புதிதாக வாங்கும் நீர்ச்செடியின் இலையடியில் கூழ் போன்ற முட்டைத் திரள் ஒட்டியிருக்கக்கூடும். அதனைத் துடைத்து நீக்கியபின்னரே செடியை நட வேண்டும்.

கண்மாய்க்கு நேரும் அபாயம்

தொட்டி வளர்ப்பில் அலுத்தவர்கள் மீனையும் நத்தையையும் கண்மாயில் விட்டுவிடுவதுண்டு. இரக்கத்தினால் செய்யும் இச்செயல் பெருந்தீங்காகக்கூடும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த பொன் ஆப்பிள் நத்தை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்காகத் தைவானுக்கும் பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. மக்கள் அதனை விரும்பி உண்ணாமையால் அது கைவிடப்பட்டது. வாய்க்கால் வழியே வயல்களில் பரவி, இளம் நெற்பயிரை அடியோடு தின்று பெருநஷ்டம் விளைத்தது. 1847ஆம் ஆண்டில் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஒரு தோட்டத்தில் விடப்பட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் தோட்டப்பயிர்களை அழிக்கிறது. பாசி தின்பதற்கென விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறும் தொட்டிகளிலிருந்து தப்பித் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் புகுந்துள்ளது.

மதுரைச் சமவெளியில் ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாயைச் சேரும். ஓரிடத்தில் விட்ட உயிர் ஓரிடத்தோடு நிற்பதில்லை.

கண்மாயிலிருந்து நத்தையைப் பிடித்து வீட்டுத் தொட்டியில் விடுவதும் தகாது. ஓட்டின் வாயில் மூடியில்லாத சில குளத்து நத்தைகள் கால்நடைகளின் கல்லீரல் தட்டைப்புழுவை வளர்த்து வெளியிடுகின்றன. நோயுற்ற மாட்டின் சாணத்திலுள்ள முட்டை நீரில் பொரித்து நத்தைக்குள் புகும். அங்கே பெருகி வெளிவரும் புழுக்குஞ்சுகள் கரைப்புல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புல்லை மேயும் மாடு நோயுறும். தட்டையாகச் சுருண்ட நத்தையோ மாடுகளின் மூக்கடைப்பு நோய்க்குரிய புழுவைப் பரப்புகிறது. சென்னை மாகாணத்தில் ஆராய்ந்த எம்.ஏ.என். ராவ் 1933இல் இப்புழுவினத்தை விவரித்தார். இந்நத்தை வெளியிடும் சிலவகைப் புழுக்குஞ்சுகள் மனிதர் தோலிலும் துளைத்துக் கடும் அரிப்பை உண்டாக்கும். ஆகவே மூடியில்லா நத்தையைக் கண்மாயிலிருந்து எடுத்துவந்து பிள்ளைகள் கைவைக்கும் தொட்டியில் விடுதல் கூடாது. மாடு மெலிந்து கழிந்தாலும், மூச்சில் குறட்டையொலி கேட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.

மாற்றும் தொட்டி நீரை வாய்க்காலிலோ சாக்கடையிலோ விடாது, துணியில் வடிகட்டி மல்லிகைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். அதிலுள்ள சத்து செடிக்கு எருவாகும். தப்பிய முட்டையும் துணியில் தங்கிவிடும்.

கிராம அதிகாரிகள் கண்மாய்க் கரைகளையும் மடைகளையும் பார்வையிடுகையில் இதனையும் கவனிப்பது நன்று. உள்நாட்டு வயல் நத்தையின் முட்டைகள் வெண்ணிறமானவை. நீர்மட்டத்திற்கு மேலே செடித்தண்டிலோ மடைச்சுவரிலோ பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிற முட்டைக்கொத்துகள் காணப்படின், கையுறையணிந்து சுரண்டி நசுக்கி, வேளாண்மை அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும். கண்ணாடித் தொட்டி ஒரு வீட்டின் பொழுதுபோக்கு. கண்மாயோ பல ஊர்களின் ஜீவாதாரம். முன்னதில் வளர்ப்பது பின்னதில் கலவாதவாறு காப்பது வளர்ப்போர் ஒவ்வொருவரின் கடமையாகும்.