கீழே விழுந்த குஞ்சு அனாதை இல்லை



பங்குனி மாதக் குழுக் கூட்டம் எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் நடந்தது. சந்தா வாங்கி முடித்து, கடன் தவணையை நோட்டில் எழுதிக்கொண்டு இருந்தோம். அப்போது பக்கத்துச் செம்பருத்திச் செடியிலிருந்து ஒரு குருவிக்குஞ்சு பொத்தென்று பாய் மேல் வந்து விழுந்தது. உடம்பெல்லாம் இறகு இருந்தது, வால் மட்டும் முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. பறக்கத் தெரியாமல் தத்தித் தத்திப் போனது. "ஐயோ பாவம், தாயை விட்டுப் பிரிஞ்சிருச்சே" என்று ஒரு அக்கா அதை முந்தானையில் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்றார்.

"வேண்டாம்க்கா, அங்கேயே விடுங்க" என்று நான் தடுத்தேன். எல்லோரும் என்னைக் கல்மனசுக்காரி மாதிரி பார்த்தார்கள். நான் தடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சை நானே எடுத்துப்போய்க் கூடையில் கவிழ்த்து வைத்தேன். பசிக்குமே என்று பாலில் பஞ்சை நனைத்து வாயில் விட்டேன். ராத்திரி சோற்றுப் பருக்கையும் கொடுத்தேன். மறுநாள் விடியும்போது செத்துக் கிடந்தது. இரக்கப்பட்டுத்தான் செய்தேன், ஆனால் அது உயிரோடு இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

கொண்டைக்குருவியைச் சில ஊரில் சின்னான் என்பார்கள். தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு இருக்கும். கோடை தொடங்கும்போது வேலியிலும் பூச்செடியிலும் நம் இடுப்பு உயரத்திலேயே கிண்ணம் மாதிரி கூடு கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பொரித்த குஞ்சு அடுத்த இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும்.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். நன்றாகப் பறக்கத் தெரிந்த பிறகுதான் குஞ்சு கூட்டை விட்டு வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முதலில் வெளியே வரும், பிறகுதான் பறக்கப் பழகும். நடை பழகுகிற பிள்ளை விழுந்து எழுந்திருக்கிற மாதிரிதான். அந்தச் சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் கிடக்கும். தாயும் தகப்பனும் புழு பூச்சியைக் கொண்டுவந்து அங்கேயே ஊட்டும். நாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் அவை பயந்து கிட்டே வராது. வராததைப் பார்த்து நாமோ தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம்!

அன்றைக்கு அக்கா குஞ்சைச் செம்பருத்தியின் அடிக்கிளையில் வைத்தார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்த்திண்ணைக்கு மாறினோம். தீர்மானம் எழுதி முடிக்கும் முன்பே தாய்க்குருவி அலகில் பச்சைப்புழுவோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் நோட்டில் கவனம் இல்லை.

மனுஷர் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை இல்லை. கை பட்டதற்காகப் பெற்ற குஞ்சை அது விடாது. அதனால் இறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு கீழே கிடந்தால் தயங்காமல் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். அதற்கு இன்னும் கூட்டுச் சூடு வேண்டும். கோடை மழைக் காற்றில் கூடு பிய்ந்து போயிருந்தால், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலில் கட்டிவிடலாம். எதுவானாலும் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். பறவைக்குப் பால் செரிக்காது, தண்ணீர் மூச்சுக்குழலில் போய்விடும். நான் செய்த தப்பு அதுதான்.

இறகு முளைத்த குஞ்சு என்றால், பூனை நாய் எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் நாலைந்து நாளைக்குப் பகலில் உள்ளே அடைத்து வையுங்கள். கூட்டை அடிக்கடி எட்டிப் பார்ப்பதும், பிள்ளைகள் செல்போனைக் கிட்டே நீட்டிப் படம் எடுப்பதும் கூடாது. நாம் எங்கே பார்க்கிறோம் என்பதைக் காக்கை கவனித்துக்கொண்டே இருக்கும்! மைனாக் குஞ்சையும் கிளிக்குஞ்சையும் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆடு மேய்க்கப் போகிற சகோதரிகள் ஆட்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். அது கூடே கட்டாது. பொட்டல் தரையில் கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை இட்டு வைக்கும். வெயில் கொளுத்தும்போது தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், காலடியைப் பார்த்து நடங்கள். கோடை உழவு ஓட்டுகிறவரிடமும் அந்த ஒரு முழ இடத்தை விட்டு ஓட்டச் சொல்லலாம்.

கொண்டைக்குருவி பழத்தைக் கொத்தி நாசம் பண்ணுகிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், என் வீட்டுக் கொய்யாவில் பாதி அதற்குத்தான். ஆனால் குஞ்சு வளர்க்கிற நாளில் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கத்தரி, வெண்டைச் செடியில் புழுப் பொறுக்குவதும் அதுதான். வரவையும் செலவையும் சேர்த்து எழுதுவதுதானே நம் பழக்கம்? அந்த நாளில் மருந்து அடித்தால் விஷப்புழு குஞ்சின் வாய்க்குத்தான் போகும்.

சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் 2020-ஆம் வருஷம் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டை இட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும் என்று, குஞ்சு பொரித்துப் பறந்து போகும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்த ஊர் மக்கள் தெருவிளக்கே போடவில்லை. பெண்பிள்ளைகள் இருட்டில் நடமாடுகிற சிரமம் நமக்குத் தெரியும். அந்தச் சிரமத்தோடுதான் பொறுத்திருக்கிறார்கள்.

நாங்கள் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செம்பருத்தி வேலியை வெட்டுவதை ஆனி மாதத்துக்குத் தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். எங்கள் குஞ்சு மூன்றாம் நாள் முருங்கைக் கிளைக்கு ஏறியது. ஐந்தாம் நாள் ஓட்டு முகட்டில் உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் நடுக்கிக்கொண்டு தாயிடம் தீனி கேட்டது. அதற்குப் பிறகு எது குஞ்சு, எது தாய் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் தூக்கிய அக்கா மட்டும், "அந்தா, அதுதான் என் குஞ்சு" என்று இன்றைக்கும் எதையாவது காட்டிக்கொண்டு இருக்கிறார்.