ஸ்டேஜிங் நகலில் இருந்து தளத்திற்கு: டேட்டாபேஸை அனுப்பும் முன்...

வேர்ட்பிரஸ் மூலம் இணைய தளம் வைத்திருக்கிறீர்களா? அதன் நகல் ஒன்றை உங்கள் கம்ப்யூட்டரில், ஸாம்ப் புரோகிராமில் அமைத்துக் கொண்டு, புதிய மாற்றங்களை அதில் சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இந்த நகலைத்தான் ஸ்டேஜிங் என்கிறார்கள். சோதனை முடிந்த பின் தீம், பிளக் இன் பைல்களை எப்டிபி மூலம் தளத்திற்கு அனுப்பிவிடலாம். சிக்கல் டேட்டாபேஸில்தான்.

திங்கட்கிழமை நகல் எடுத்து, வெள்ளி வரை அதில் வேலை பார்த்ததாக வைத்துக் கொள்வோம். இந்த நாட்களில் உண்மைத் தளம் சும்மா இருக்காது. வாசகர்கள் கருத்து எழுதியிருப்பார்கள்; கடை வைத்திருந்தால் ஆர்டர்கள் வந்திருக்கும். பிஎச்பி மைஅட்மினில் நகலின் டேட்டாபேஸை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து, தளத்தின் பழைய டேபிள்களை நீக்கிவிட்டு இம்போர்ட் செய்தால், தளம் திங்கட்கிழமைக்கே திரும்பிவிடும். பணம் கட்டியவரின் ஆர்டரே இருக்காது. எரர் செய்தி எதுவும் வராததால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கட்டுரைகள் உள்ள டேபிளை மட்டும் அனுப்பினால்? அதுவும் சரி வராது. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் தருகிறது. நகலில் உங்கள் புதிய பக்கத்திற்கு 501 கிடைத்திருக்கும். தளத்தில் அதே எண்ணை வேறொன்று பிடித்திருக்கும். ஒரே பெர்த்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்த கதைதான்! வூகாமர்ஸ், புதிய கடைகளின் ஆர்டர்களுக்குத் தனி டேபிள் தந்தது 2023 அக்டோபரில், பதிப்பு 8.2ல். பழைய கடைகளில் மாற்றாமல் விட்டிருந்தால் கட்டுரையும் ஆர்டரும் ஒரே டேபிளில்தான் இருக்கும்.

எனவே சிறிய தளங்களுக்கு எளிய வழியே சிறந்தது. செட்டிங்ஸ் மாற்றங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, தளத்தில் மீண்டும் செய்திடவும். புதிய கட்டுரைகளுக்கு டூல்ஸ் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட், இம்போர்ட் வசதியைப் பயன்படுத்தவும். எண் மோதினால் வேர்ட்பிரஸ் வேறு எண் தந்துவிடும்.

டேபிளையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நோட்பேடில் பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்து தள முகவரியை மாற்ற வேண்டாம். சில செட்டிங்ஸில் முகவரியுடன் அதன் எழுத்து எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். முகவரி நீண்டு, எண்ணிக்கை பழையபடி இருந்தால் அந்த செட்டிங் முழுவதும் செல்லாததாகிவிடும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் என்ற பிளக் இன் எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முக்கிய சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக் அப் ஏற்பாடுகள் கைவிட்டன. ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங்கிற்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது; இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

இம்போர்ட் பட்டனை அழுத்தும் முன் தளத்தின் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து கொள்ளவும். அந்த பைலை ஸாம்பில் ஒரு முறை இம்போர்ட் செய்து, நேற்றைய ஆர்டர் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடவும்.