பாவு நீட்டும் தெருவும் புறவழிச்சாலையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் பட்டுப் பாவை, அதாவது தறிக்கான நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறுமுன் இழை அறுந்தால் முடிந்து, சிக்கெடுத்துச் சுருட்டியாக வேண்டும். தறிக்காரருக்குத் தெருவும் பட்டறைதான். அங்கே லாரி நுழைந்தால் வேலை நின்றுவிடும்.

2019இல் இவ்வூர் வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். கோயில் தெருக்களின் அகலம் எவ்வளவு என்பது அன்று ஊருக்கே புரிந்தது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊருக்கு வடக்கே விலகிச் செல்கிறது. தெற்கே செல்லும் வண்டிகளுக்குக் கீழம்பி–செவிலிமேடு புறவழிச்சாலை உண்டு. இப்படி ஒரு சாலையைத் திட்டமிடுவோர் முதலில் கேட்பது, வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்பதையே. ஊருக்குள் வேலையுள்ள வண்டியைப் புறவழிச்சாலை குறைக்காது. கடந்து போவதை மட்டுமே விலக்கும்.

அடுத்தது நீர். பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலைச் சொல்கிறது. ஏரியும் கால்வாயும் பின்னிய மண் இது. மேடாகப் போடும் சாலைக்கடியில் போதிய பாலங்கள் இல்லாவிட்டால் ஒருபக்க வயல் மூழ்கும், மறுபக்கம் காயும். வரைபடம் கருத்துக்கேட்புக்கு வரும்போது, உங்கள் ஊர் வாய்க்கால் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.