கற்றாழைக் கூட்டுச்சர்க்கரை

கற்றாழைக் கூட்டுச்சர்க்கரை என்பது சோற்றுக்கற்றாழை மடலின் உள்ளிருக்கும் வழவழப்பான சோற்றில் காணப்படும் நீண்ட சங்கிலிக் கார்போவைதரேட்டுகளைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது அசிமன்னான் ஆகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் போன்ற வானம் பார்த்த நிலப்பகுதிகளில் கற்றாழை எளிதில் வளரும். ஆயினும் ஒரே மடலிலிருந்து கிடைக்கும் பொருளின் தன்மை, பிரித்தெடுக்கும் முறையைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடும்.

அமைப்பு

சோற்றில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீரே. எஞ்சும் திண்மத்தில் பெரும்பங்கு கூட்டுச்சர்க்கரைகளாகும். அசிமன்னானில் மானோசு அலகுகள் சங்கிலியாக இணைந்துள்ளன. அவற்றின் மேல் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியுள்ளன.

பிரித்தெடுப்பின் தாக்கம்

மடலை அறுத்தவுடனேயே அதிலுள்ள நொதிகள் சங்கிலிகளைத் துண்டிக்கத் தொடங்குகின்றன. சோறு நீர்த்துப்போவது இதனாலேயே. நொதிகளை நிறுத்தச் சோறு சூடாக்கப்படுகிறது. குறுகிய நேரம் சூடாக்கி உடனே குளிரவைத்தால் இழப்பு குறைவு. மாறாக, 60 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் உலர்த்தினால் அசிமன்னானின் அமைப்பு சிதைகிறது. உலர்தூளை மீண்டும் நீரில் கரைத்தால் பழைய வழவழப்பு திரும்புவதில்லை. காரக் கரைசல் அசிட்டைல் தொகுதிகளை நீக்கிவிடும். அவை நீங்கிய சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிவதால் கரைதிறன் குறைகிறது. மீயொலி முறையில் விரைவாகப் பிரிக்கலாம், ஆனால் சங்கிலி நீளம் குறையும். எத்தனால் சேர்த்து வீழ்படிவாக்குதல் வழக்கமான முறை. சிறிய சர்க்கரைகள் கரைசலிலேயே தங்கிவிடும். உறைய வைத்து உலர்த்துதல் சிறந்தது எனினும் செலவு மிக்கது.

சோற்றைப் பலமுறை கழுவும் வீட்டு வழக்கம் மஞ்சள் பாலை அகற்றவே. எனினும் கழுவுநீரோடு கரையக்கூடிய கூட்டுச்சர்க்கரையும் ஓரளவு போய்விடுகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

மஞ்சள் பால்

தோலுக்கடியிலுள்ள மஞ்சள் பாலில் அலோயின் உள்ளது. இதனைக் காய்ச்சி இறுக்கினால் கரியபோளம் (மூசாம்பரம்) கிடைக்கும். இது கடுமையான பேதி மருந்து. சோற்றுக்கும் இதற்கும் குணத்தில் ஒற்றுமை இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் கடைகளில் நேரடியாக விற்கப்படும் பேதி மருந்துகளில் இது 2002 இல் விலக்கப்பட்டது. தோலோடு அரைத்த முழுமடல் சாற்றைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றுள் வைத்துள்ளது. கரி கொண்டு வடிகட்டினால் அலோயினின் அளவு வெகுவாகக் குறையும்.

கலப்படம்

அசிமன்னான் குறைந்த சாற்றில் மால்டோடெக்சுட்ரின் சேர்க்கப்படுவதுண்டு. இதனையும் கூட்டுச்சர்க்கரை எனக் கணக்கிட இயலுமாதலால், மொத்தக் கூட்டுச்சர்க்கரை அளவு மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் அசிட்டைல் தொகுதிகளின் குறிகளைக் கொண்டு உண்மையான அசிமன்னானை இனங்காணலாம்.