பாம்படம் விற்று வாங்கிய புஞ்சை யாருக்குச் சொந்தம்?

விளாத்திகுளத்தை அடுத்த குளத்தூர் பக்கம், கரிசல் காட்டில், பல வீடுகளில் நடந்த கதைதான் இது. பக்கத்துப் புஞ்சை விலைக்கு வரும். கையில் காசு பத்தாது. பாட்டியின் பாம்படமோ மருமகளின் சங்கிலியோ கடைக்குப் போகும். களையெடுப்பதும், பருத்தி எடுப்பதும், மிளகாய்ப் பழம் பறிப்பதும் அவள்தான். பத்திரம் மட்டும் அவர் பெயரில்.

நாளைக்கே இருவருக்கும் ஒத்துவராமல் போனால்?

'கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதுதானே, பாதி எனக்கு' என்று நிறையப் பெண்கள் நம்புகிறார்கள். நம் ஊர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடையது. மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமையும் உண்டு. ஆனால் தானாக வரும் சரிபாதி கிடையாது.

இந்த இடத்தில்தான் 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு முக்கியமாகிறது. கணவர் சவுதியில் வேலை பார்த்தார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்தெல்லாம் தன் பணத்தில் வாங்கியது என்று கணவர் வழக்குப் போட்டார். வீட்டு வேலைக்கு லீவு கிடையாது, அந்த உழைப்பு இருந்ததால்தான் அவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்றது நீதிமன்றம். வழக்கிலிருந்த சில சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி கிடைத்தது. இல்லத்தரசியின் பங்கை ஏற்கத் தனிச் சட்டம் இல்லை. ஏற்கக் கூடாது என்றும் சட்டம் இல்லை என்பது நீதிபதியின் வாதம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது அந்த வழக்குக்கான தீர்ப்பு. எல்லோருக்கும் தானாகப் பொருந்திவிடாது.

இத்தனைக்கும் இந்த எண்ணம் தமிழருக்குப் புதிதல்ல. 1707-ல், டச்சுக்காரர் காலத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம் தவிர 'தேடிய தேட்டம்' என்று ஒன்று உண்டு. திருமணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. இன்றும் அங்கே ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தேடிய தேட்டத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கு. இங்கே அதே நிலையில் மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் எல்லோருக்கும் சமபங்கு. நாலு பிள்ளையும் மாமியாரும் இருந்தால் அவளுக்கு ஆறில் ஒன்று.

சரி, பத்திரம் மனைவி பெயரில் இருந்தால்? 'பணம் என்னுடையது, அவள் பினாமி' என்று கணவர் வீட்டார் சொன்னால், சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பணம் கொடுத்ததைக் காட்டினால் மட்டும் போதாது என்று 2019-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே அடகு ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அது நைந்துபோகும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் இருவர் பெயரிலும் பத்திரம் போடுங்கள். பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. 5 லட்ச ரூபாய்ப் புஞ்சைக்கு 5,000 ரூபாய் மிச்சம். அவரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பவர்கள் அந்த 5,000-லிருந்தே ஆரம்பிக்கலாம்.