கீறலுக்கு எவ்வளவு கழிக்கலாம்? பழைய கிட்டார் விலை பற்றி

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது)

இன்னைக்குப் பேச்சை ஒரு கறுப்பு நெயில் பாலிஷ் பாட்டிலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி என்னோட முதல் கிட்டாரை விற்க நினைத்தேன். கறுப்பு அக்கூஸ்டிக். புதுசாக 9,000 ரூபாய்க்கு வாங்கியது. வேங்கிக்கால்ல எங்க வீட்டு பீரோ முனையில் ஒருநாள் இடித்து, கீழ் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே வெளிறின மரம் தெரியும். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 6,000 கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் போட்டோ எடுக்கும்போது அந்த வெள்ளைப் புள்ளி மட்டும்தான் கண்ணில் பட்டது. அக்காவோட நெயில் பாலிஷை எடுத்து இரண்டு தடவை பூசினேன். போட்டோவில் சுத்தமா தெரியலை. எனக்கே என் மேல பெருமை.

வாங்க வந்தவர் போளூரிலிருந்து பைக்கில் வந்தார். வாசித்துப் பார்த்தார், பிடித்திருந்தது. அப்புறம் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தவர், சரியா அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இன்னா தம்பி, பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?"

"சின்னக் கீறல்தாண்ணா."

"கீறல்னா கீறலாவே விட்டிருக்கலாமே. இப்ப இதுக்குள்ள கிராக் இருக்கா இல்லையான்னு நான் எப்படிப் பாக்குறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 3,800 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவர் கீறலுக்காக விலையைக் குறைக்கவில்லை. மறைத்ததற்காகக் குறைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பழைய கிட்டார் விலை என்பதே பெரும்பாலும் இந்தச் சந்தேகத்தோட விலைதான். வாங்குபவருக்குக் கிட்டாரைப் பற்றி பாதிதான் தெரியும். வெளியே தெரிகிற அடியைப் பார்த்து, வெளியே தெரியாத அடி எவ்வளவு இருக்கும் என்று அவர் ஊகிக்கிறார். அந்த ஊகம் பல நேரம் தப்பாகப் போகும், இரண்டு பக்கமும்.

அழகுக்கு மட்டும் கேடான அடி எது, உயிருக்கே கேடான அடி எது என்று முதலில் பார்த்துவிடலாம். பெல்ட் பக்கிள் உரசி முதுகில் விழும் கோடுகள், பிக் உரசின தடம், மேசையில் இடித்த பள்ளம், ஸ்டிக்கர் எடுத்த இடத்தில் மட்டும் நிறம் மங்காமல் நிற்கிற வட்டம் எல்லாம் வெறும் தோல் காயம். நெக் வளைந்திருப்பது, பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருப்பது, ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியிருப்பது, மேல்பலகை வயிறு மாதிரி உப்பியிருப்பது, இதெல்லாம் எலும்பு முறிவு. கொடுமை என்னன்னா, தோல் காயம் போட்டோவில் பளிச்சென்று தெரியும். எலும்பு முறிவு தெரியவே தெரியாது. அதனால்தான் ஆன்லைனில் பளபளப்பான கிட்டாருக்கு அதிக விலையும், கீறல் விழுந்த நல்ல கிட்டாருக்குக் குறைந்த விலையும் கிடைக்கிறது.

நம்ம ஊருக்கென்று இரண்டு கறைகள் உண்டு. ஒன்று ஆயுத பூஜை. வீட்டில் இருக்கிற தையல் மிஷின், பைக், கத்திரிக்கோல் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது கிட்டாருக்கு மட்டும் வைக்காமல் விட முடியுமா? பளபளப்பான பாலியூரித்தேன் பூச்சு என்றால் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். மேட் ஃபினிஷ் என்றால் குங்குமம் உள்ளே இறங்கிவிடும். ஃப்ரெட்போர்டு பூச்சே இல்லாத மரமாக இருந்தால் அதில் வைத்த பொட்டு போகவே போகாது. விற்கும்போது ஒருத்தர் அதைக் கறை என்பார். இன்னொருத்தர் "பூஜை போட்ட பொருள்" என்று சந்தோஷமாக வாங்கிப் போவார். இந்த அடிக்கு மட்டும் விலைக் கழிவே கிடையாது, ஆளைப் பொறுத்தது.

இன்னொன்று வெயில். மொட்டைமாடியில் ஷீட் போட்ட ரூம், சுவரில் ஆணி அடித்து மாட்டின கிட்டார். நம்ம பக்கத்து அக்னி நட்சத்திரத்தில் அந்த ரூம் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கோடையில் காய்ந்து சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி உப்பும். மூடி நிறுத்தின கார் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டினால் மரத்தை ஒட்டியிருக்கிற பசையே இளக ஆரம்பிக்கும். வெளியே ஒரு கோடு விழுந்திருக்காது. பிரிட்ஜ் மட்டும் மெல்லத் தூக்கிக்கொண்டு வரும்.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று. அயர்லாந்துக்காரர் ரோரி கேலகர் 1963-ல் 100 பவுண்டுக்கு ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். 1961-ல் செய்தது, ஏற்கெனவே ஒருவர் வாசித்தது. அது ஒருமுறை திருடுபோய், மழையில் கிடந்து திரும்ப வந்தது. வருஷக்கணக்காக வாசித்ததில் சன்பர்ஸ்ட் பெயிண்ட் பெரும்பகுதி போய், வெறும் மரம்தான் மிச்சம். 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது சுமார் 8.9 லட்சம் பவுண்டுக்குப் போனது. யாராவது அதற்கு நல்ல மனசோட புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கு. விண்டேஜ் கிட்டார் வியாபாரத்தில் சாதாரணமாகச் சொல்கிற கணக்கு இது: ஒரிஜினல் பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் விலை ஏறக்குறைய பாதி. தேய்ந்திருந்தாலும் ஒரிஜினல்தான் ஒசத்தி. ஃபெண்டர் கம்பெனியே 1995-லிருந்து புது கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, துருப்பிடிக்க வைத்து 'ரெலிக்' என்ற பெயரில் விற்கிறது. அதுக்கு எக்ஸ்ட்ரா காசு வேற.

இதைக் கேட்டுவிட்டு உங்க வீட்டுக் கீறல் விழுந்த கிட்டாருக்கு விலை ஏற்றிவிடாதீங்க. ரோரியோட கிட்டாரில் இருந்த ஒவ்வொரு தேய்மானமும் யாருடையது என்று ஊருக்கே தெரியும், அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதோட அந்தக் காலத்துப் பூச்சு நைட்ரோ செல்லுலோஸ். மெல்லிசாக இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பார்க்க அழகாகவே தேயும். இப்போது மலிவு விலையில் வருகிற கிட்டார்களில் கனமான பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். அது தேயாது. அடிபட்டால் கண்ணாடி மாதிரி சில்லாகப் பெயரும், அவ்வளவுதான்.

வில்லி நெல்சன் வைத்திருக்கிற 'ட்ரிகர்' கிட்டாரும் இதே மாதிரிதான் எல்லோரும் சொல்கிற உதாரணம். 1969-ல் வாங்கிய மார்ட்டின் என்-20, நைலான் கம்பி கிட்டார். அந்த வகையில் பிக்கார்டு கிடையாது, ஏனென்றால் விரலால் வாசிப்பதற்காகச் செய்தது. அவர் பிக்கால் வாசித்து வாசித்து மேல்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. இன்னும் அதில்தான் வாசிக்கிறார். பலகை போனாலும் நெக்கும் பிரிட்ஜும் நின்றால் கிட்டார் பாடும்.

நம்ம ஊரில் நடக்கிறது இதற்கு மறுபக்கம். நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரில், சத்தம் வேண்டும் என்று ஸ்டீல் கம்பி மாட்டுவார்கள். நைலான் செட் மொத்தமாக இழுப்பது சுமார் 40 கிலோ. சாதாரண ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல். கொஞ்ச மாசத்தில் பிரிட்ஜ் கிளம்பும், நெக் வளையும். மேலே ஒரு கீறல் இருக்காது. போட்டோவில் ராஜா மாதிரி இருக்கும்.

இப்போது பக்கத்துத் தெருத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்ட் டைம் வேலை பார்த்து, 5,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தப்பாக வாங்கினால் திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் ஆகும். "அண்ணா, நீங்க வந்து பாருங்கண்ணா" என்று கூட்டிப் போனான்.

முதல் கிட்டார் வேங்கிக்காலிலேயே, ஒரு மாடி ரூமில். நீலக் கலர், கண்ணாடி மாதிரி பளபளப்பு. கேட்டது 4,500. தம்பி பார்த்ததுமே விழுந்துட்டான். நான் பாடியைப் பார்க்கவே இல்லை. ஹெட்ஸ்டாக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி நெக் ஓரமாகப் பார்த்தேன். நடுவில் குழிந்து வில் மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இதில் என் ஏடிஎம் கார்டு ஐந்து நுழையும், கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர். ஒரு பேப்பரைப் பிரிட்ஜுக்குப் பின்னால் செருகினேன், உள்ளே போனது. அதைச் சரி பண்ண ஆகிற செலவு கிட்டார் விலையைத் தாண்டும். "வேணாம்டா" என்றேன். தம்பி முகம் வாடிப்போச்சு.

இரண்டாவது, செங்கம் ரோட்டில். சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னாடி கிளம்பும்போது, விமானத்தில் தூக்கிப் போக முடியாததை விற்றுவிட்டுப் போவார்கள். கஃபே நோட்டீஸ் போர்டில் சைக்கிள், கேஸ் ஸ்டவ்வுக்கு நடுவில் ஒரு கிட்டாரும் இருக்கும். இது அப்படி வந்தது. முதுகு முழுக்கக் கோடு. முன்னால் ஓம் ஸ்டிக்கரைப் பாதி உரித்த தடம். ஓரத்தில் இரண்டு இடத்தில் பெயிண்ட் சில்லு. கேட்டது 5,000.

விற்ற அம்மா முதலில் காட்டினதே அந்தச் சில்லுகளைத்தான். "இங்கே ஒருமுறை படியில் விழுந்தது, இங்கே என் பேரன்" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். நெக் பார்த்தேன், நேர். பேப்பர் பிரிட்ஜுக்குள் போகவில்லை. ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்தேன், எங்கேயும் கரகரப்பு இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மானிக்ஸும் அங்கேயே அழுத்தி வாசித்த ஸ்வரமும் ஒன்றாகவே இருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன், சட்டங்கள் எல்லாம் ஒட்டியபடி.

தம்பி காதில் வந்து, "கீறலைச் சொல்லி 3,500 கேக்கவாண்ணா?" என்றான்.

கேட்கலாம், தப்பில்லை. கீறல் என்பது நியாயமாகவே கொஞ்சம் கழிக்க வேண்டியதுதான். நாளைக்கு நீ விற்கும்போது இன்னொருத்தரும் அதைச் சொல்லிக் கழிப்பார். ஆனால் எல்லாத்தையும் அவராகவே காட்டிவிட்டார், சந்தேகத்துக்குக் கழிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. 4,200 கேட்டோம். 4,400-க்கு முடிந்தது, கவரோட. மிச்சம் 600 ரூபாயில் புதுக் கம்பி செட்டும் ட்யூனர் ஒன்றும் வாங்கினான்.

போன ஆயுத பூஜைக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க அம்மா கிட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வந்தார். "ஃப்ரெட்போர்டுல வேணாம்மா, பாடில வை, கீறல் இருக்கற இடமா பாத்து வை" என்று பதறுகிறான் தம்பி. அம்மா கேட்கவில்லை. மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு. அதற்கு எவ்வளவு கழியும் என்று என்னைக் கேட்டான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.